கயிறு சாத்திய வருஷம்

மண்டபம் ரயில்வே லயன் வீடுகளில் வெள்ளையம்மாளுக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'முன்ன பின்ன'. ஜெபக்கூட்டத்தில் யாராவது ஒரு வசனத்தை எடுத்து வீசினால் போதும், "அதுக்கு முன்ன என்ன இருக்கு, பின்ன என்ன இருக்கு? யாரு யாருகிட்டச் சொன்னது?" என்று கேட்டுவிடுவாள். பேச வந்தவர் தொண்டையைச் செருமுவார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்ட உபதேசியார்களும் உண்டு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பொம்பளைக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்டது. படிப்பால் வரவில்லை ஐயா, பயத்தால் வந்தது. 1957 ஜனவரி முதல் தேதி பிடித்த பயம்.

பயம் அவளுக்குப் புதிதும் இல்லை. பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில், கூலிக்கு நாற்று நட்டுக் களையெடுத்த குடும்பத்தில் பிறந்தவள். இடி இடித்தால் குதிருக்குப் பின்னால் போய் ஒளிவாள். கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டாள். ஏழு வயதில் அவள் அய்யா வேதத்துக்கு வந்தபோது இவளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் என்று பெயர் எழுதினார்கள். அந்தப் பெயர் பதிவேட்டை விட்டு வெளியே வரவே இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு மலையாண்டிக்குக் கழுத்தை நீட்டி, அவன் ரயில்வே கேங்கில் சேர்ந்த கையோடு மண்டபத்துக்கு வந்தாள்.

கடலைக் கண்டே நடுங்குகிறவளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த புருஷனோ கடலுக்கு மேலேயே வேலை பார்க்கிறவன். பாம்பன் பாலத்தில் அவன் கீமேன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பான். கழன்றது இருந்தால் அடித்து இறுக்குவான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பார்த்தால் கீழே தண்ணீர் சுழித்து ஓடும். அவன் வயல் வரப்பில் நடக்கிறவனைப்போல் நடப்பான். "ஒனக்கும் சேத்து எனக்குப் பயமில்லாம வச்சிட்டாரு ஆண்டவரு, எனக்கும் சேத்து நீ பயந்துக்க" என்று கேலி செய்வான்.

இனி கயிற்றுக் கதைக்கு வருவோம். அவர்கள் ஊர்ப் பக்கம் பழைய காலத்தில் ஒரு நல்லது கெட்டது தெரிய வேண்டுமென்றால் ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பார்கள். கட்டி வைத்த ஏட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை நுழைப்பது; எந்த ஏட்டில் விழுகிறதோ அதில் உள்ள பாட்டுத்தான் பலன். சனங்கள் வேதத்துக்கு வந்தபோது ஏடு போய்ப் புத்தகம் வந்தது. கயிறு மட்டும் போகவில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை வந்துபோகும் குருவானவருக்கு இது தெரியாது. தெரிவிக்கவும் யாருக்கும் மனசில்லை. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், குருவானவர் இல்லாத நாளில் சபையை நடத்தும் உபதேசியார் வேதமுத்து வேதாகமத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொருவராக வந்து வெள்ளைப் பருத்திக் கயிற்றை நுழைக்க வேண்டும். கயிறு தொட்ட வசனத்தை அவர் உரக்க வாசிப்பார். அதுதான் அவரவருக்கு அந்த வருஷத்து வாக்கு.

வேடிக்கைக்கும் குறைவில்லை. முந்தின வருஷம் ஸ்டேஷன் போர்ட்டர் கூத்தையாவுக்கு ஆசரிப்புக் கூடாரத்துத் திரைச்சீலை இருபத்தெட்டு முழம் என்று வந்தது. ஆண்டவர் தன்னை ஜவுளி வியாபாரத்துக்கு அழைக்கிறார் என்று அவர் முடிவுகட்டி, பரமக்குடிக்குப் போய்ச் சேலை மூட்டையோடு வந்தார். சித்திரை பிறக்குமுன் மூட்டையை இறக்கிவிட்டு மறுபடியும் ஸ்டேஷன் மூட்டையைத் தூக்கினார். அவர் வீட்டு அம்மாளுக்கு மட்டும் ஏழு புதுச் சேலை மிச்சம்.

அந்த ஜனவரி முதல் தேதி மலையாண்டிக்கு டியூட்டி. "எனக்கும் சேத்துச் சாத்திட்டு வந்துரு புள்ள" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வெள்ளையம்மாளுக்கு வந்தது யாரோ யாரையோ பெற்றார்கள் என்ற பெயர் வரிசை. சபை அதற்கும் ஆமென் சொன்னது. பிறகு புருஷனுக்காகக் கயிற்றை நுழைத்தாள். உபதேசியார் புத்தகத்தைப் பிரித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பி, வரிக்குக் கீழே விரலை வைத்தார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இந்த வருஷத்திலேயே நீ செத்துப்போவாய் என்று இருந்தது.

உபதேசியார் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "மலையாண்டிக்கு நல்ல வாக்கு வந்திருக்கு. வீட்டுக்காரம்மா போய்ச் சொல்லிக்கிருவாங்க" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். சபை ஆமென் என்றது. வெள்ளையம்மாளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

வெளியே வந்தபோது வேதமுத்து அவளை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். பொல்லாத மனுஷர் இல்லை அவர்.  "தாயி, இத ஆருகிட்டயும் சொல்லிறாத. அடுத்த வசனத்தையும் பாத்துட்டேன், ஏழாம் மாசம்னு போட்டிருக்கு. அது தாண்டுற வரைக்கும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு" என்றார்.

"மேல கீழ வாசிச்சா வேற ஏதாச்சும் வழி சொல்லியிருக்குமா ஐயா?"

"கயிறு தொட்டதுதான் வாக்கு. தேவ வசனத்துல முன்ன பின்ன பாக்கக் கூடாது தாயி."

மத்தியானம் மலையாண்டி சாப்பிட வந்தான். தட்டில் கை வைக்குமுன்னே, "எனக்கு என்ன வந்துச்சு?" என்றான். அவள் அகப்பையோடு நின்றாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு வசனம் வாயில் வந்து விழுந்தது. "நீ தண்ணியக் கடக்கும்போது நான் ஒங்கூட இருப்பேன், வெள்ளம் ஒம்மேல பொரளாதுன்னு வந்திருக்குங்க."

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, பாத்தியா! பாலத்துல நிக்கிறவனுக்குன்னு பாத்துக் குடுத்திருக்காரு!" என்று தொடையில் தட்டினான். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வேதாகமத்தைப் பெட்டியில் போட்டு அதன்மேல் துணிகளை அடுக்கினாள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் வசனம் விழித்துக்கொள்ளும் என்று பயந்தாள். பொய் மட்டும் பெட்டிக்குள் இருக்குமா? அது மலையாண்டியோடு பாலத்தில் ஏறியது. முன்னெல்லாம் காற்று பலமாக இருந்தால் மற்றவர்களைப்போல் அவனும் பிடி கம்பியைப் பிடித்துத்தான் நடப்பான். இப்போது கையை வீசிக்கொண்டு நடந்தான். பாலத்து விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்தான். காய்ச்சல் என்று எவன் படுத்தாலும் அவன் முறையையும் தானே நடந்தான். "எனக்கு வாக்கு இருக்குடா" என்பான். அவள் தடுத்தால், "ஆண்டவரு சொன்னத நம்பலையா நீ?" என்று திருப்பிக் கேட்பான்.  அவனைச் சாகடிக்கப்போவது வசனமா, தான் சொன்ன பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூலை பிறந்தது. அவளுக்கு ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் தலைச்சுற்று, ஒரு நாள் அம்மிக்கல் காலில் விழுந்துவிட்டது. எல்லாம் அவனை வீட்டில் நிறுத்தி வைக்கச் செய்த தந்திரம். அம்மிக்கல்லை மட்டும் நிஜமாகவே போட்டுக்கொண்டாள். மூன்று நாள் லீவு கிடைத்தது. மற்ற நாட்களில் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் அவன் தலை தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். முப்பத்தோராம் தேதி அவன் வந்து கால் கழுவியபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலையில் அவன் வேலைக்குப் போனதும் கோழிக் குழம்பு வைத்தாள். குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு லயன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் உம்மு ஹபீபா வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிப் பள்ளிவாசல்காரர் கையால் ஹலாலாக அறுத்து வாங்கிய கோழி என்பதையும் மறக்காமல் சொன்னாள். உம்மு ஹபீபாவின் புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. இவர் ஓலைப்பெட்டி முடைவார், தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். வயது இரண்டுதான் கூட என்றாலும் வெள்ளையம்மாள் அக்கா முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஓலை முடையும்போது இவளும் கூட உட்கார்ந்து கதை பேசுவது வழக்கம்.

"என்ன புள்ள, இன்னிக்கு முகத்துல பெருநாளு?" என்றார் உம்மு ஹபீபா.

ஏழு மாதம் அடைத்து வைத்தது அன்று மடை உடைந்தது. கயிறு, வசனம், ஏழாம் மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் சொன்ன பொய்யை மட்டும் விழுங்கிக்கொண்டாள். "நேத்தோட தப்பிச்சோம் லாத்தா" என்று முடித்தாள்.

உம்மு ஹபீபா ஓலையைக் கீழே வைத்தார். "ஏழாம் மாசம்னா ஆரு கணக்கு?" என்றார்.

"ஏன், ஜூலைதான்."

"அது வெள்ளக்காரன் கணக்குல்ல. அந்த வேதம் எறங்குன ஊர்ல ஜூலையா இருந்துச்சு? எங்க கணக்குல ஏழாம் மாசம் ரஜபு. அது இந்த வருசம் மாசியிலயே வந்துட்டுப் போயிருச்சு. ஒங்க சித்திரைக் கணக்குல பாத்தா..."

வெள்ளையம்மாள் விரலை மடக்கினாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஏழாவது விரல் ஐப்பசி. ஐப்பசி இன்னும் வரவே இல்லை! மழையும் காற்றும் பாலத்தை அடிக்கிற மாதம் அது.  அப்படியே தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

உம்மு ஹபீபா பதறிப்போனார். "யா அல்லா, நான் ஒருத்தி! அழுவாத புள்ள. மாசத்த விடு. மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்த வசனம் ஆருக்கு எறங்குச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"ஒங்க வீட்டுக்காரரு பேரா போட்டிருக்கு? எங்க வாப்பா பள்ளியில ஓதிக்குடுக்குற லெப்பையா இருந்தவுக. குர்ஆன்ல ஒரு ஆயத்துக்கு, ஒரு வசனத்துக்கு அருத்தம் கேட்டா ஒடனே சொல்லமாட்டாக. இது எந்த ஊர்ல எறங்குச்சு, எந்த நேரத்துல, ஆரு என்ன செஞ்சதுக்காக எறங்குச்சு, அத மொதல்ல சொல்லுவாக. பெறகுதான் அருத்தம். ஆளத் தெரியாம ஆயத்த எடுக்குறது அடுத்த வீட்டுக் கடுதாசியப் பிரிச்சு வச்சுக்கிட்டு அழுவுற மாதிரி. போ, ஒன் கிதாபை எடுத்துட்டு வா. எனக்கு அரபி எழுத்துல எழுதுன தமிழுதான் வாசிக்க வரும். நீ வாசி, நான் கேக்குறேன்."

அவள் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. எரேமியா, இருபத்தெட்டாம் அதிகாரம். மறக்கக்கூடிய இலக்கமா அது? முதல் வசனத்திலிருந்து எழுத்துக் கூட்டினாள்.  ஒவ்வொரு வரிக்கும் உம்மு ஹபீபா நிறுத்தி, "இவன் ஆரு? எங்க நிக்கிறான்? ராசா ஆரு?" என்று கேட்டார். தெரியாததற்கு முந்தின அதிகாரத்தைப் புரட்டினாள். முழுசாக ஒரு அதிகாரத்தை அவள் வாசித்தது அதுதான் முதல் தடவை.

மெல்ல மெல்ல ஆட்கள் எழுந்து வந்தார்கள். பாபிலோன் ராஜா ஊரைப் பிடித்து, கோவில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு, சனங்களைச் சிறை பிடித்துப் போய்விட்டான். மிச்சம் இருக்கிற சனம் பயந்து கிடக்கிறது. எரேமியா என்ற தீர்க்கதரிசி கழுத்தில் மர நுகத்தோடு வந்து, இது சீக்கிரம் தீராது, அந்த ராஜாவுக்குக் கழுத்தைக் கொடுத்துப் பிழைத்திருங்கள் என்கிறான். கோவிலில் எல்லாரும் பார்க்க அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும், ஆண்டவரே சொன்னார் என்கிறான். எரேமியாவின் நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். சனத்துக்குக் கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அப்படிச் சொல்லவே இல்லை.

"ஆண்டவரு சொன்னாருன்னு இவனா ஒண்ண இட்டுக்கட்டுறான்" என்றார் உம்மு ஹபீபா. "ம், மேல வாசி."

அவள் வாசித்தாள். ஆண்டவர் உன்னை அனுப்பவில்லை, நீ இந்தச் சனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்று எரேமியா அவனிடம் சொல்கிறான். அதற்கு அடுத்த வரிதான் அது. இந்த வருஷத்திலேயே நீ.

"அல்ஹம்துலில்லா! பாத்தியா, ஒம் புருசனுக்கில்ல! அந்தப் பொய்க்காரனுக்குச் சொன்னது. இதுக்கா ஏழு மாசம் செத்த?" என்று உம்மு ஹபீபா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வெள்ளையம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை.  அகப்பையோடு நின்ற அந்த மத்தியானம் கண்முன் வந்தது. ஆண்டவர் சொன்னார் என்று, ஆண்டவர் சொல்லாததை, ஒருவனுக்கு இனிப்பாகச் சொன்னது யார்?

"லாத்தா, அது எனக்குத்தான் வந்திருக்கு" என்றாள். விழுங்கி வைத்த பொய்யையும் கக்கினாள்.

உம்மு ஹபீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஒனக்கும் வரல. அவன் வேற, நீ வேற. ராசாவும் கோவிலும் சிறையுமா கெடந்த ஊர்ல அவனுக்குன்னு சொன்னது அது. மறுபடியும் அடுத்தவன் கடுதாசிய எடுத்துக்கிட்டு அழுவாத. ஆனா அவன் செஞ்ச வேலைய நீயும் செஞ்சிருக்க புள்ள. அவன் பேச்ச நம்பி அந்தச் சனம் என்ன ஆகும்னுதான் அந்த நபி பதறுறாரு. ஒம் பேச்ச நம்பிக்கிட்டு ஒருத்தன் இருக்கான்ல, அவன் எங்க இப்ப?"

வெளியே ஆடிக்காற்று ஓலைக்கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். கோழிக் குழம்புச் சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஓடினாள். மண் கண்ணில் அடித்தது. பாலத்து முனையில் கேங் கொட்டகை வாசலில் மேஸ்திரி பூமிநாதன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காத்து கூடிருச்சு, ரயிலையே நிறுத்தியாச்சு, இன்னைக்கு ஆரும் ஏற வேணாம்னுதாம்மா சொன்னேன். கேட்டானா? எனக்கு வாக்கு இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே இப்பத்தான் போறான். அந்தா பாருங்க" என்றார்.

பாலத்தின் மேல் மலையாண்டி போய்க்கொண்டிருந்தான். கம்பியைப் பிடிக்கவில்லை. வேட்டி படபடவென்று அடித்தது. அவள் கூப்பிட்டாள். காற்று அவள் குரலை அவள் முகத்திலேயே திருப்பி எறிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு, கிணற்றை எட்டிப் பார்க்காத வெள்ளையம்மாள், மேஸ்திரி "ஏம்மா, ஏம்மா!" என்று கத்தக் கத்தப் பாலத்தில் ஏறினாள். நடக்க முடியவில்லை. மண்டி போட்டு, ஒரு கட்டையை விட்டு அடுத்த கட்டையைப் பிடித்து, கீழே பச்சையாகச் சுழித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். வாயில் ஜெபம்கூட வரவில்லை.

மேஸ்திரியின் விசில் சத்தத்துக்கோ எதற்கோ அவன் திரும்பினான். கட்டைமேல் மனைவியைக் கண்டதும் ஓடி வந்தான், வரப்பில் ஓடி வருவதுபோல. "ஏ புள்ள, ஒனக்கென்ன பைத்தியமா? இங்கன எதுக்கு வந்த?"

அவள் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். காற்றுக்கு மேல் கத்திச் சொன்னாள். "நான் சொன்னது பொய்ங்க! தண்ணி வசனம் ஒங்களுக்கு வரல. ஒங்க பேர்ல நான் கயிறு போட்டப்ப இந்த வருசம் செத்துப்போவன்னு வந்துச்சு. பயந்து மாத்திச் சொல்லிட்டேன்!"

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். "அப்ப நான் சாவப்போறனா?"

"இல்லங்க. அது அந்தக் காலத்துல வேற ஒருத்தனுக்குச் சொன்னது. இன்னைக்குத்தான் முழுசா வாசிச்சேன். ஒங்களுக்கில்ல."

"சரி, தண்ணி வசனம்?"

"அதும் ஆருக்குச் சொன்னதோ, இனிமேதான் வாசிக்கணும்."

"அப்ப எனக்குன்னு என்னதான் வந்துச்சு?"

"ஒண்ணும் வரலங்க. சாவுன்னும் வரல, சாவமாட்டன்னும் வரல. ஒங்களுக்குன்னு ஒண்ணுமே வரல."

 மலையாண்டி கட்டைகளுக்கு நடுவே கீழே பார்த்தான். எத்தனையோ வருஷமாக அந்தத் தண்ணீருக்கு மேல் நடந்தவன், அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப்போல் பார்த்தான். ஒரு காற்று வந்து மோதியது. அவன் கை தானாகப் போய்க் கம்பியைத் தேடிப் பிடித்தது. கட்டைமேல் உட்கார்ந்தான். சுத்தியல் கை நழுவி இடுக்கில் விழுந்தது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அவன் நடக்கவில்லை. அவள் முன்னால் தவழ, அவன் அவள் புடவை நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பின்னால் தவழ்ந்தான். கரைக்கு வந்ததும் பூமிநாதன் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். மலையாண்டி மண்ணில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது.

"புள்ள, எனக்குப் பயமா இருக்கு" என்றான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

"இருக்கட்டும்ங்க" என்றாள் வெள்ளையம்மாள். "பயத்தோடயே வீட்டுக்கு வாங்க."